ஒலுவிற் கரை யாருக்கு?

கல்முனையிலிருந்து கடலோரப் பெருந்தெருவிலே தெற்கு நோக்கிச் செல்வோர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து, களியோடைப் பாலத்தையும் தாண்டினால் ஒலுவிலை அடைவர். அங்கே கடற்பக்கம் திரும்பினால், கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய அணைகள் கடலுக்குள் நீண்டு கிடப்பதைக் காணலாம். அதுதான் ஒலுவில் துறைமுகம். விடுமுறை நாட்களிலும் பெருநாட் காலத்திலும் இப்பக்கத்துக் கடற்கரைக்கு வருவோர் பலர். பிள்ளை குட்டிகளோடு வருகின்றனர். கலங்கரை விளக்கத்தை முதுகுப்புறத்தே நிறுத்திக் கைத்தொலைபேசியிலே படம் பிடிக்கின்றனர். பொலித்தீன் பைகளிற் கொண்டுவந்ததை உண்டு, பையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றனர். கப்பல் பார்க்க வந்தோம் என்பார் மட்டும் இல்லை. பார்ப்பதற்குக் கப்பல் இல்லை.

கப்பலுக்கென்று கட்டிய துறை பொழுது போக்குவோரின் காட்சியிடமாகிப்போன இவ்விந்தையை வேடிக்கையென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஏனெனில், “துறைமுகம் உதவாவிட்டாற் போகட்டும், இக்கரையை உல்லாசப் பிரயாணிகளுக்கு ஏற்ற இடமாக்கினால் நாலு காசு வரும், அறுகம்பையைப் பாருங்கள்” என்று பேசுவோர் இன்று நம்மிடையே உளர். நல்லெண்ணத்தோடு பேசுவோரும் அவர்களுள் உண்டு. ஆகவே அவர்கள் கூற்றை ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நடந்ததைச் சிறிது நினைவூட்டுவோம். ஒலுவிலுக்குத் துறைமுகம் வேண்டும் என்ற கனவு ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் தாபகர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களுடையது. 1994 இல் துறைமுக அமைச்சை ஏற்ற அவர், 1995 இல் அதே ஊரிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் வித்திட்டார். பல்கலைக்கழகம் வளர்ந்து நிற்கின்றது. துறைமுகத்தின் கதை வேறு. 1999 இல் கலங்கரை விளக்கம் எழுந்தது; 2000 செப்டெம்பர் 16 ஆம் நாள் உலங்குவானூர்தி விபத்திலே அஷ்ரப் மறைந்தார். விளக்கு இருந்தது, துறை இல்லை. டென்மார்க்கு நாட்டின் கடனுதவியாக ஏறத்தாழ 4 கோடி 60 இலட்சம் யூரோ பெற்று 2008 இலேதான் வேலை தொடங்கியது. 2013 செப்டெம்பர் 1 ஆம் நாள் அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச துறைமுகத்தைத் திறந்துவைத்தார். சரக்கு ஏறும், தொழில் பெருகும், இளைஞர் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிராது என்றெல்லாம் நம்பியே நம் மக்கள் காணிகளைக் கொடுத்தனர்.

கடல் எவருடைய மேடைப் பேச்சையும் கேட்பதில்லை. நமது தென்கிழக்குக் கரையிலே மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. அலை சாய்வாக வந்து மோதுந்தோறும் கரைமணல் சிறிது சிறிதாக வடக்கு நோக்கி நகரும். அலை கொண்டுபோன இடத்தைத் தெற்கிலிருந்து வரும் மணல் நிரப்பும். ஆண்டு முழுமைக்கும் கணக்குப் பார்த்தால் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லணை நீட்டினால் தெற்கிலிருந்து வரும் மணல் அணையோடு தங்கும். தங்கி மிகுந்த மணல் அணையின் நுனியைச் சுற்றிவந்து துறைவாயை அடைக்கும். வடபுறத்துக்கோ செலவு உண்டு, வரவு இல்லை. ஒலுவிலில் நிகழ்ந்தது இதுவே. வடக்கே தென்னைகளைக் கடல் வேரோடு பறித்தது; காணிகள் போயின; நிந்தவூர்ப் பக்கமும் அரிப்பு ஏறியது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது; கல் முடிந்த இடத்தில் மீண்டும் தொடங்கியது. துறைவாயிலோ மணல் மேடிட்டுப் படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் தத்தளித்தன.

இதிலிருந்து நம்மவர்க்குள்ளேயே ஒரு பிணக்கும் பிறந்தது. கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் ஆழ்கடற் படகுக்காரர் “வாயைத் தோண்டுங்கள், எங்கள் பிழைப்புப் போகின்றது” என்றனர். ஒலுவில் மக்களோ “எங்கள் நிலத்தை விழுங்கிய துறையை மூடுங்கள், அன்றேல் கரையை மீட்டுத் தந்துவிட்டுத் தோண்டுங்கள்” என்றனர். 2018 இல் இப்பிணக்கு முற்றியது. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் உண்டு, ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழும் மக்கள் ஒரு மணல்மேட்டின் இரு புறமும் எதிரெதிராக நின்றனர். துறைமுக அதிகாரசபை, மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் என மூன்று வாசல்களிலே மக்கள் ஏறி இறங்கினர். ஒவ்வொரு வாசலும் மற்ற வாசலைக் காட்டியது.

இந்த வழக்கிலே இரு தரப்பாராலும் அதிகம் பேசப்படாதவன் கரைவலைக்காரன். கரைவலைக்கு வேண்டியவை மூன்று: தோணி, வலை, அகன்ற மணற்கரை. கயிற்றின் ஒரு நுனியைக் கரையிலே விட்டுத் தோணி புறப்படும். கடலிலே அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டு மறு நுனியோடு கரைக்குத் திரும்பும். பின்னர் இரு புறமும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டெடுத்து, அடிக்கு அடி பின்வாங்கி இழுப்பர். இரு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி வர, ஈற்றில் மடி கரையேறும். மீன் கூறாகும். வலைக்கும் தோணிக்கும் ஒரு பங்கு, உழைத்தோருக்கு ஒரு பங்கு. வழியே போனவன் கயிற்றிலே கை வைத்தாலும் அவன் வீட்டுக் கறிக்கு மீன் உண்டு. பின்வாங்கி நடக்க மணல் இல்லையேல் இத்தொழிலே இல்லை. கற்குவியலிலே நின்று கரைவலை இழுத்தார் எவருமிலர். ஒலுவிலின் வடகரையிலே கடல் தின்றது வெறும் மணலையன்று. தலைமுறை தலைமுறையாக இவர்கள் நின்று இழுத்த களத்தை. காணி உறுதி உள்ளவன் நட்டஈடு கேட்டு மனு எழுதலாம். கடற்கரைக்கு உறுதி ஏது? அவன் என்ன எழுதுவான்?

இனி உல்லாசப் பயணத்துக்கு வருவோம். அறுகம்பையை மாதிரியாகக் காட்டுவோர் அதனை முழுதாகக் காட்ட வேண்டும். அலைச்சறுக்கு விளையாடும் வெளிநாட்டார் பல பத்தாண்டுகளாக அங்கே வருகின்றனர். பொத்துவில் இளைஞர் பலர் அக்கலையைக் கற்றுத் தாமே ஆசிரியராகிச் சம்பாதிக்கின்றனர். சிறு கடை, சிறு விடுதி வைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியோரும் உண்டு. இதனை நாம் மறுக்கவில்லை, மகிழ்கின்றோம். ஆனால் அப்பிழைப்பின் அத்திவாரம் எவ்வளவு மெல்லியது? சித்திரை தொடங்கி ஐப்பசி வரையே அங்கே காலம். மாரி வந்தால் கதவடைப்பு. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்பின் பின்னரும், 2020 இல் கொள்ளைநோயின் போதும் அறைகள் வெறுமையாயின. 2024 ஒக்டோபர் 23 ஆம் நாள் அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை அறுகம்பைக்குப் போகவேண்டாமென்று ஓர் அறிவித்தல் விடுத்தது. ஒரேயொரு அறிவித்தல்! பொலிசாரும் படையினரும் வந்து நிரம்பினர், பிரயாணிகள் வெளியேறினர். கொழும்பிலே எழுதப்படும் ஒரு தாள் பொத்துவிலில் ஒருவனுடைய அடுப்பை அணைத்துவிட முடியுமாயின், அந்த அடுப்பை ஊரின் பொருளாதாரமென்று சொல்வது எங்ஙனம்?

நிலத்தின் கதை இதனினும் கசப்பானது. அறுகம்பைக்குத் தெற்கே பாணமையிலே 2010 இல் தலைமுறையாகப் பயிர்செய்த நிலங்களிலிருந்து குடும்பங்கள் ஆயுத முனையிலே விரட்டப்பட்டன. விரட்டப்பட்டோர் பெரும்பாலும் சிங்கள உழவரும் மீனவருமே. அப்பகுதியிலே பின்னர் கடற்படையின் உல்லாச விடுதி எழுந்தது. 2015 இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க மந்திரிசபை தீர்மானித்த பின்னரும் மக்கள் தெருவிலே நின்று போராட வேண்டியிருந்தது. வடக்கே பாசிக்குடாவிலும் யுத்தம் முடிந்தபின் வரிசையாக எழுந்த பெரு விடுதிகளுக்கு மீனவன் இடம் விட்டு ஒதுங்க நேர்ந்தது. கரை விலைபோகத் தொடங்கினால் விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், வெளியேறுபவன் மூன்றாமவன் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

மரபையும் காட்டிப் பணம் பெறலாமே என்பர் சிலர். தென்னிலங்கையிலே கொக்கலை, அகங்கமைப் பக்கம் கடலிலே கழி நட்டு, அதன்மேல் குந்தியிருந்து தூண்டில் போடும் வழக்கம் உலகறிந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்திலே ஏழை மீனவர் கண்டுபிடித்த வழி அது என்பர். இன்று அக்கழிகளிலே குந்தியிருப்போரிற் பலர் மீனுக்குத் தூண்டில் போடுவதில்லை. படம் பிடிப்போரிடம் காசு வாங்குகின்றனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. வயிற்றுக்கு வழி வேண்டும். ஆனால் கரைவலைக்காரன் தொழிலை இழந்து, பின்னர் அத்தொழிலையே மாலை வேளையில் விடுதி விருந்தினர்முன் நடித்துக் காட்டும் நாள் ஒலுவிலுக்கும் வர வேண்டுமா? அந்த வலையின் மடியிலே என்ன மீன் இருக்கும்?

பயணமும் பயணியும் இக்கரைக்குப் புதியவையல்ல. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்பது வரலாறு. இன்றைய கல்முனைக் கரையின் குடிகளிலே பலருடைய முன்னோர் அவ்வாறு வந்து ஏற்கப்பட்டவர்களே. அதற்கும் முன்பு, 1344 இல், மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பத்தூத்தா புத்தளத்தில் இறங்கிப் பாவாதமலைக்குச் சென்றார். தமிழ் மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் துணையும் கொடுத்தனுப்பினான். வேற்றுச் சமயத்தார் முஸ்லிம் பக்கீர்களைத் தம் இல்லங்களிலே தங்கவைத்து உணவளித்ததை அவர் வியந்து எழுதியுள்ளார். அவரிடம் எவரும் அறை வாடகை கேட்டதாகக் குறிப்பில்லை.

இன்றும் ஆண்டுதோறும் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர் இந்தப் பெருந்தெருவிலேதான் நடந்து போகின்றனர். கல்முனை, காரைதீவு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை, பின்னர் குமணைக் காடு. வழியிலே முஸ்லிம் ஊர்களிலும் தண்ணீர் உண்டு, நிழல் உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகை பேரால் கொடியேறும் பன்னிரண்டு நாளும் இனமத பேதமின்றிச் சனம் வருகின்றது. கடலைக் கடையும் மிட்டாய்க் கடையும் வருகின்றன. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்காத தகப்பன் இல்லை. வாணிகம் அங்கும் உண்டு. ஆனால் அங்கே வாணிகம் விழாவைச் சார்ந்து நிற்கின்றது. விழா வாணிகத்தைச் சார்ந்து நிற்கவில்லை. வந்தவன் நேர்ச்சை செலுத்த வந்தவன். ஊரான் அவனை எதிர்கொள்ள நின்றவன். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கடமை இருந்தது. புதிய பயணமோ அக்கடமையைக் கட்டணமாக மாற்றிவிட்டது. கட்டணம் செலுத்தியவன் தனக்கு எதுவும் கடனில்லை என்று எண்ணுகின்றான்; அவன் எண்ணத்திலே பிழை காண்பதும் எளிதன்று.

இவ்விடத்தில் நம் சமூகத்திலே அடிக்கடி எழும் ஒரு கூச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உல்லாசப் பிரயாணம் என்றதும் சிலர் வெளிநாட்டுப் பெண்களின் ஆடையைப் பற்றியே பேசத் தொடங்குகின்றனர். ஊரின் நாணத்தை வருவோர் மதிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஆடையின் அளவை அளந்துகொண்டிருப்போர் காணியின் அளவை மறந்துவிட்டனரோ என்றே அஞ்சுகின்றோம். அரைகுறை ஆடையோடு வந்தவன் பருவம் முடிந்தால் போய்விடுவான். முழு உடையோடு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு, குத்தகைப் பத்திரத்தோடு வருபவன் போகமாட்டான்.

வருவோரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போவோரை மறந்துவிடுவோம். இக்கரையிலே “பயணம்” என்ற சொல்லுக்கு இன்று பொருள் என்ன? கட்டாரும் சவூதியும் குவைத்தும்தான். நமது வாலிபர் கட்டட வேலைக்கும் சாரதி வேலைக்கும் போகின்றனர். தாய்மார் பிள்ளைகளை உம்மம்மாவின் கையிலே கொடுத்துவிட்டுப் பணிப்பெண்ணாகப் போகின்றனர். உலகத்தில் ஒரு பகுதியார் பணிவிடை பெறுவதற்காகப் பிரயாணம் செய்கின்றனர். இன்னொரு பகுதியார் பணிவிடை செய்வதற்காகப் பிரயாணம் செய்கின்றனர். ஒரே விமானம் இருவரையும் ஏற்றி இறக்குகின்றது. திரும்பி வருவோர் கொண்டுவரும் பெட்டிகளிலே இருப்பவற்றை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அவை வியர்வையின் விலை. எனினும் மருதமுனைத் தறியிலே நெய்த சாரத்தைவிட எங்கோ இயந்திரத்தில் அச்சடித்த சாரம் மேலானதென்ற எண்ணம் அந்தப் பெட்டியோடு சேர்ந்துதான் வீட்டுக்குள் நுழைந்தது. 1977 இன் பின் திறந்துவிடப்பட்ட இறக்குமதி நாட்டின் தறிகளை முடக்கியது பாதி; நமது கண் மயங்கியது மீதி. 2004 இல் ஆழிப்பேரலை வேறு வந்து, அம்பாறைக் கரையிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதிலே மருதமுனை இழந்தது தறிகளை மட்டுமல்ல. அதன் பின்னரும் தறிச் சத்தம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இன்னும் நெய்கின்றனர். வாங்குவார்தாம் குறைவு.

வாங்குவதெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றது என்பதையும் பார்ப்போம். இக்கரையூர்களின் குப்பை ஒலுவிலுக்கு அண்மையிலுள்ள பள்ளக்காட்டிலே மலையாகக் கொட்டப்பட்டது. காட்டு யானைகள் அம்மலையிலே இரை தேடின. பொலித்தீனையும் உணவென்று விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்வாறு மாண்டன என்ற செய்தியும் படமும் 2022 சனவரியில் உலகப் பத்திரிகைகளிலே வெளிவந்தன. லகுகலையிலும் குமணையிலும் யானை பார்க்க வெளிநாட்டார் பணம் கொடுக்கின்றனர். பள்ளக்காட்டு யானையைக் கொன்றது வெளிநாட்டாரின் குப்பை அன்று. நமது திருமண வீட்டின் தட்டு, நமது கடைத்தெருவின் பை, துறைமுகத்தைப் பார்க்கப் போய்க் காற்றிலே விட்ட உறை. வாங்கித் தின்று எறியும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நமக்கு உல்லாசப் பிரயாணி ஆசிரியனாக வர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பிரயாணிகளை வரவேண்டாம் என்று நாம் கதவடைக்கச் சொல்லவில்லை. எவனுடைய கரையோ அவனே விருந்தோம்புபவனாக நிற்க வேண்டும். அவனைச் சிற்றாளாக்கி வேறொருவன் விருந்து வைக்கக் கூடாது என்பதே நம் வாதம். அதற்கு முதலில் கரை இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலே குயின்சுலாந்துக்கும் நியூ சவுத் வேல்சுக்கும் எல்லையான டுவீட் ஆற்று முகத்திலும் இதே நோய் கண்டது. ஆற்றுமுகத்துக் கல்லணைகளால் வடகரை மெலிந்தது. 2001 முதல் அங்கே தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே இடையறாது இறைத்து வடகரையிலே சேர்ப்பித்து வருகின்றனர். இரு மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன கரை அது. தம் கரைக்கு அவர்கள் செய்வதை நம் கரைக்கு நாம் கேட்பது பேராசையாகுமா? ஒலுவிலில் வாயை அடைத்த மணலைத் தோண்டுவதும் வடகரையை மீட்பதும் இரண்டு வேலையல்ல. ஒரே மணல், ஒரே வேலை. தோண்டிய மணலை வேறெங்கும் கொண்டுபோகாமல் வடகரையிலே போட்டால், படகுக்காரனும் ஒலுவில் வாசியும் ஒருவரையொருவர் பகைக்கக் காரணமே இராது. ஒருமுறை தோண்டிப் படம் பிடித்துக்கொண்டு போவதாற் பயனில்லை. மணல் ஆண்டுதோறும் வரும், வேலையும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். அரசு கட்டிய அணை, அரசு வாங்கிய கடன், செலவும் அரசினதே.

இரண்டாவதாக, இக்கரையிலே விடுதிக்கோ வேறெதற்கோ ஓர் அடி நிலமேனும் குத்தகைக்குக் கொடுக்குமுன், கரைவலைப் பாடுகள் எவை, தோணி ஏற்றும் இடங்கள் எவை, வாடி கட்டும் இடங்கள் எவை என்பன எழுத்திலே வரையப்பட வேண்டும். இவற்றைத் தீர்மானிக்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தலைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஆண்டுகள் பல கழித்தனர் ஆள்வோர். மாகாணத்தின் வாயைக் கட்டிவைத்த காலத்திலே கொழும்பிலிருந்து வரும் எந்தக் குத்தகைப் பத்திரத்தையும் இக்கரை மக்களின் சம்மதம் என்று எவரும் காட்ட முடியாது.

ஆனால் பாடுகளை எழுத்திலே வரைவதற்கு மாகாண சபை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தென்னைக்கு நேரே எந்த வலை விழுந்தது என்று விரல் நீட்டிக் காட்டவல்ல முதியவர்கள் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் பாலமுனையிலும் இன்னும் இருக்கின்றனர். தென்னைகளிற் பல இப்போது இல்லை, காட்டுவோர் இருக்கின்றனர். அட்டாளைச்சேனை, நிந்தவூர்ப் பிரதேச சபைகள் அவர்களையும் மீனவர் சங்கங்களையும் அழைத்து, பள்ளிவாசற் சபைகளையும் சாட்சியாக வைத்து, மாரிக் கடல் எழுமுன் கரையை நடந்து அளந்து படமாக வரையட்டும். அப்படத்தின் ஒரு பிரதி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போகட்டும். ஒரு பிரதி அம்பாறைக் கச்சேரிச் சுவரிலே தொங்கட்டும். ஒரு பிரதியை நமக்கு அனுப்பினால் முதற் பக்கத்திலேயே வெளியிடுவோம்.